மூன்றாம் தடவையும் பால் கட்டிக் காய்ச்சல்: பாலை நிறுத்திவிடலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 26. இரண்டாவது பிள்ளை, மகள், அடுத்த கிழமை ஆறு மாதம் முடிகிறது. லீவு முடிந்து மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இடது மார்பில் மூன்று தடவை பால் கட்டி, கல்லுப் போல இறுகி, குளிரும் காய்ச்சலும் வந்துவிட்டது. காலை 7 மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விட்டால் மத்தியானம்தான் பார்ப்பேன். தூர மலையில் வேலை என்றால் பின்னேரம்தான். முதல் தடவை டிஸ்பென்சரியில் தந்த மாத்திரையில் சுகமானது. இரண்டாம் தடவை காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாமியார் சுடச்சுட ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி அழுத்தி உருவி விடுவார், உயிரே போகும். அட்டனில் ஒரு பம்ப் வாங்கி, வேலை விட்டு வந்ததும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுக்கிறேன். அப்படியும் கட்டுகிறது. அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது, மல்லிகைப்பூ வைத்துக் கட்டி நிறுத்திவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்திவிடலாமா? இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பம்ப்பை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

பாலை நிறுத்த வேண்டாம். மார்பு வீங்கிச் சிவந்து காய்ச்சலடிக்கிற நாட்களில் சட்டென்று நிறுத்தினால் உள்ளே தங்குகிற பால் வீக்கத்தைக் கூட்டும், சீழ் பிடித்துக் கட்டியாகிற ஆபத்தும் கூடும். பாலும் கெட்டுப்போகவில்லை. அழற்சி உள்ள பக்கத்தில் குடித்தாலும் நல்ல சுகமாக இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மகள் அந்தப் பக்கம் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், பாலில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மார்பு அழற்சியில் அப்படி ருசி மாறும், சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

மல்லிகைப்பூ விஷயத்தில் அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை. பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் குறையும் என்பதை 1988இல் தென்னிந்திய வைத்தியர்கள் ஆய்வு செய்தே வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்ற வேண்டிய தாய்க்குச் செய்கிற கைவைத்தியம் அது. பால் கொடுக்க நினைக்கிற உங்களுக்கு எதற்கு? பிறகு ஒருநாள் நீங்களாகவே நிறுத்த நினைத்தால் தாராளமாக நிறுத்தலாம், அது உங்கள் முடிவு. ஆனால் மார்பு மெத்தென்று இருக்கிற நாளில் தொடங்கி, ஒரு நேரப் பாலைக் குறைத்து, சில நாள் பொறுத்து அடுத்ததைக் குறைத்து, கிழமைக் கணக்கில் நிறுத்த வேண்டும்.

இனி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பதில் அதிலேயே இருக்கிறது. பகல் முழுக்கப் பால் இறங்காமல் மார்பு நிறைந்து கிடக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பம்ப்பால் ஒரேயடியாக வற்ற வற்ற எடுக்கிறீர்கள். எவ்வளவு பால் வெளியே போகிறதோ அவ்வளவு பால் தேவை என்றுதான் உடம்பு எடுத்துக்கொள்ளும். மகள் குடிப்பதற்கு மேல் நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு அவுன்சுக்கும் உடம்பு மறுநாள் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் பாலோடுதான் காலையில் மலை ஏறுகிறீர்கள். நடுவில் காம்பராவில் பால்மா போத்தல் கொடுக்கிறார்கள் என்றால், மத்தியானம் நீங்கள் ஓடி வருகிறபோது மகளுக்குப் பசியே இருக்காது. இரண்டு வாய் குடித்துவிட்டு விளையாடப் போய்விடுவாள், மார்பு அப்படியே இருக்கும்.

இதற்கு மேல்தான் அழுத்தி உருவுவது. பால் குழாயில் ஏதோ கட்டி அடைத்து நிற்கிறது, அதை அமுக்கி வெளியே தள்ள வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மார்புக்குள் இருப்பது ஒற்றைக் குழாய் இல்லை. நூல் நூலாக ஒன்றோடொன்று பின்னிய குழாய்கள் ஏராளம் இருக்கின்றன. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், சுற்றியுள்ள சதை வீங்கி, அந்த மெல்லிய குழாய்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. உங்கள் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படுவது அந்த வீக்கம்தான். விரல் வீங்கினால் மோதிரம் இறுகுகிறதல்லவா, அதை இழுக்க இழுக்க விரல் இன்னும் வீங்குகிற கதைதான் இங்கேயும். எண்ணெய் தடவி அழுத்தி உருவும்போது உள்ளே சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் நசுங்கி, வீக்கம் கூடுகிறது. சுடச்சுட ஒத்தடம் கொடுத்தால் அந்த இடத்துக்கு இரத்தம் இன்னும் பாய்ந்து, சிலருக்கு அதுவும் வீக்கத்தைக் கூட்டும்.

மாமியார் மீது கோபப்பட வேண்டாம். சூடு வை, உருவி விடு, முழுக்க எடுத்துவிடு என்று வைத்தியப் புத்தகங்களே நெடுங்காலம் எழுதிவந்தன. தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கென்றே இருக்கிற சர்வதேச வைத்தியர் அமைப்பு 2022இல்தான் தன் வழிகாட்டலை மாற்றி எழுதியது. அழுத்தாதே, மிதமிஞ்சி எடுக்காதே, குளிர்ச்சி கொடு, பிள்ளை கேட்கிற அளவு மட்டும் கொடு என்பது அதன் சாரம். கிளினிக்கில் இன்னமும் பழைய முறையைச் சொல்கிறவர்கள் இருக்கலாம். சூடு விஷயத்தில் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை என்பதும் உண்மை. மார்பில் இளஞ்சூட்டுத் துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் பால் இறங்க உங்களுக்கு இதமாக இருக்கிறது என்றால் பரவாயில்லை. அழுத்தி உருவுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை இடது பக்கம் இறுகுகிறது என்று தெரிந்த அந்த நேரத்தில் என்ன செய்வது? மலைநாட்டில் நமக்கு ஐஸ் தேட வேண்டியதில்லை. பீலியில் வடிகிற மலைத் தண்ணீரே போதும். சுத்தமான துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மடித்து, இறுகிய இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வையுங்கள், நாளைக்குப் பல தடவை செய்யலாம். பிள்ளை பெற்றவள் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் ஜன்னி வரும் என்று வீட்டில் தடுப்பார்கள், எனக்குத் தெரியும். பிரசவமான பெண்களுக்கு வந்த ஜன்னி பெரும்பாலும் கிருமித் தொற்றால் வந்தது, குளிர்ந்த துணியால் வந்ததில்லை. மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மார்பில் மட்டும் துணியை வையுங்கள், அவர்களும் பேசாமல் இருப்பார்கள். கோவா (முட்டைக்கோஸ்) இலை வைக்கலாமா என்று கிளினிக்கில் பலரும் கேட்பார்கள். வைக்கலாம், வீக்கத்துக்குக் கொஞ்சம் இதம் தரும். நம் பக்கத்துக் கோவாவுக்கு அடிக்கிற மருந்தை நினைத்து, மேல் இலைகளைக் கழற்றிப்போட்டு உள் இலையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். வெடித்த காம்பின் மேல் படாமல் வையுங்கள்.

கை வைத்தே ஆக வேண்டும் என்று மாமியார் நின்றால், இதைச் செய்யச் சொல்லுங்கள். எண்ணெய் இல்லாமல், விரல் நுனி பட்டும் படாமலும், தோல் மட்டும் அசைகிற அளவுக்கு, மார்பிலிருந்து அக்குள் பக்கமாகவும் கழுத்தெலும்புப் பக்கமாகவும் மெதுவாகத் தடவ வேண்டும். காம்பை நோக்கித் தள்ளக் கூடாது. உள்ளே தேங்கிய நீர் வடிகிற வழி அக்குள் பக்கம்தான். வலித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள்.

பால் கொடுப்பது வழக்கம்போல. வலிக்கிற பக்கத்தில்தான் முதலில் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கமே திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றில்லை. மாற்றி மாற்றிக் கொடுங்கள். மகள் கேட்டால் கொடுங்கள், தூங்குகிறவளை எழுப்பிக் கொடுத்து மார்பை வெறுமையாக்கப் பாடுபட வேண்டாம். முதல் ஒரு நாளைக்கு இறுக்கம் முழுதாகப் போகாமல் இருக்கலாம். வீக்கம் வற்றினால்தான் பால் வரும், அவசரப்பட்டு மறுபடியும் அமுக்கத் தொடங்காதீர்கள்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பெரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போடலாம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. வீக்கத்துக்கு இபுப்ரோபென் இன்னும் நன்றாக வேலை செய்யும், பால் கொடுக்கிறவர்களுக்கும் பயமில்லாத மருந்து. ஆனாலும் அதை நீங்களாக பார்மசியில் வாங்கிப் போடாதீர்கள். நம் நாட்டில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. டெங்குவில் இபுப்ரோபென் இரத்தக் கசிவைக் கூட்டும். மார்பைப் பார்த்து இதுதான் காரணம் என்று வைத்தியர் உறுதியாகச் சொன்ன பிறகு, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். இழுப்பு, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளிரும் காய்ச்சலும் இருந்தாலே கிருமி என்று அர்த்தமில்லை. வீக்கம் மட்டுமே அதையெல்லாம் கொண்டுவரும். மேலே சொன்னபடி செய்தும் 24 மணித்தியாலத்தில் குறையவில்லை, அல்லது நேரம் போகப் போகக் கூடுகிறது என்றால் வைத்தியரிடம் போங்கள். கிருமிக்கென்று பெரும்பாலும் குளொக்சசிலின் அல்லது புளூக்ளொக்சசிலின் தருவார்கள். நாளைக்கு நான்கு வேளை, வெறும் வயிற்றில், பத்திலிருந்து பதினான்கு நாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. காய்ச்சல் விட்டதும் இரண்டாம் தடவை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாதியில் விட்ட கிருமிதான் மூன்றாம் தடவை திரும்பி வந்ததா என்று இனிப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கி 48 மணித்தியாலமாகியும் குணம் தெரியாவிட்டால் அதே மருந்தோடு வீட்டில் இருக்காதீர்கள், திரும்பப் போங்கள். மூன்று தடவை வந்தவர் என்ற முறையில் உங்கள் பாலில் கொஞ்சத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இன்னொன்று. மூன்று தடவையும் இடது பக்கம். ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில் வந்ததா, வெவ்வேறு இடத்திலா என்று எழுதவில்லை. அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் இன்று இரவே, பால் கொடுத்து முடித்த பிறகு, படுத்துக்கொண்டு விரல்களைத் தட்டையாக வைத்து இடது மார்பைத் தடவிப் பாருங்கள். காய்ச்சல் இல்லாத நாளிலும் அதே இடத்தில் கட்டி தங்கியிருக்கிறதா? தோல் தோடம்பழத் தோல் போலக் குழி குழியாக இருக்கிறதா? காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா? அக்குளில் கட்டி தட்டுப்படுகிறதா? மருந்து முழுதாக முடித்தும் சிவப்பு போகாமல் இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், அல்லது மூன்றும் ஒரே இடம் என்றாலும், ஸ்கேன் எடுக்காமல் விடக் கூடாது. அபூர்வமாக ஒருவகை மார்புப் புற்றுநோய் பால் கட்டியது போலவே வேஷம் போட்டு வரும். உங்களுக்கு அது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பகல் இடைவெளியும் பம்ப்பும் உங்கள் கதையை நன்றாகவே விளக்குகின்றன. ஆனாலும் நினைப்பை நம்பி விட்டுவிடுகிற விஷயமில்லை இது. ஸ்கேன் எடுக்கப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. டிஸ்பென்சரியிலோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கடிதம் வாங்கிக்கொண்டு, டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு செலவில்லை. ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், அது எனக்குத் தெரியாமல் சொல்லவில்லை.

சீழ்க்கட்டி ஆகியிருந்தாலும் ஸ்கேன்தான் காட்டும். தொட முடியாத வலி, பால் கொடுத்தும் இளகாத உருண்டை, விட்டு விட்டு அடிக்கிற காய்ச்சல் இதன் அடையாளம். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஊசியால் உறிஞ்சியே சீழை எடுத்துவிடுகிறார்கள், கத்திக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

சரி, திரும்ப வராமல் தடுப்பது எப்படி? மருந்தைவிட உங்கள் பகல் நேரம்தான் மாற வேண்டும். இதில் உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது, தோட்டத்தில் அதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. காம்பரா இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது, இதற்காகச் சம்பளத்தில் கை வைக்கவும் முடியாது. பிரசவ லீவுக் காசு பற்றி எல்லோருக்கும் தெரியும், இது தெரியாது.

சட்டம் இருந்தால் போதுமா, கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் (பாதிச் சம்பளம்) போட்டுவிடுவார்களே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தனியாகப் போய், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் கேட்பதைவிட, பால் கொடுக்கிற பிள்ளை உள்ள மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மூலமாகக் கேளுங்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைப் மிஸ் என்கிறவர், தோட்ட நிர்வாகத்தோடு பேசக் கூடியவர். அவரிடம் சொல்லிவைத்தால் பல இடங்களில் வேலை நடக்கிறது. மறுத்தால் தொழில் அலுவலகம் இருக்கிறது. இரண்டு இடைவேளையும் கிடைக்காத நாளில் குறைந்தது இதையாவது கேட்டுப் பாருங்கள்: பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை போடச் சொல்லி. நிர்வாகத்துக்கு இதில் ஒரு சதம் செலவில்லை.

இனி உங்கள் நாள் எப்படி ஓட வேண்டும் என்று பார்ப்போம். காலையில் வீட்டில் அவசர அவசரமாகக் கொடுத்துவிட்டு ஓடாமல், காம்பராவில் விடுகிற இடத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் பிந்திக் கொடுத்த பால் உங்களுக்கு அரை மணி நேர ஆறுதல். பிறகு காலையில் கொழுந்து நிறுக்கிற நேரத்தை ஒட்டி ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கிடைத்தால் பின்னேரத்துக்கு முன் இன்னொன்று. காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம், நான் வருகிற நேரத்துக்கு முன்னால் பால்மா கொடுக்காதீர்கள் என்று சொல்லிவையுங்கள். பிள்ளை பசியோடு இருந்தால்தான் மார்பு இளகும். ஒரு அழுகைக்கு ஒரு போத்தல் என்று ஓடிப் பழகிவிட்ட காம்பராக்களில் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான், சிரித்துக்கொண்டே தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

தூர மலையில் மாட்டிக்கொண்ட நாளில் மார்பு நிறைந்து வலிக்கத் தொடங்கினால், பல்லைக் கடித்துக்கொண்டு பின்னேரம் வரை இருக்காதீர்கள். ஒதுக்குப்புறமாகப் போய், கொண்டுபோன தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுக் கையால் கொஞ்சம் எடுங்கள். பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு விரல் அளவு பின்னால் வையுங்கள். முதலில் நெஞ்சுக்கூட்டுப் பக்கமாக நேரே உள்ளே தள்ளி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று மெல்லச் சேர்த்து விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. தள்ளு, சேர், விடு. முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு கொஞ்சம் பீறிட்டும் வரும். இறுக்கம் விட்டு, மூச்சு விட முடிகிறது என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், வெறுமையாகும் வரை போக வேண்டாம். இப்படி எடுக்கிற பாலை மலையில் வைத்துப் பாதுகாப்பது கஷ்டம். கீழே விட மனசு வராவிட்டால், கால் படாத இடமாக ஒரு தேயிலைத் தூரில் ஊற்றிவிடுங்கள்.

உடுப்பையும் கொஞ்சம் பாருங்கள். இரவு பிரேசியரைக் கழற்றும்போது மார்பில் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறதா? கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் போடாமல் தோளிலிருந்து குறுக்காக மார்பின் மேல் போடுகிறீர்களா? மழை நாளில் இறுக்கிக் கட்டுகிற படங்குத் துணி எங்கே அமுக்குகிறது? ஒரே இடத்தை நாள் முழுக்க அமுக்குகிற எதையும் தளர்த்துங்கள். அதற்காக ஒன்றும் போடாமலும் போகாதீர்கள், பால் நிறைந்த மார்பு கீழே தொங்கினால் வீக்கம் இன்னும் கூடும். தாங்கிப் பிடிக்க வேண்டும், இறுக்கக் கூடாது.

காம்பில் வெடிப்பு, புண் ஏதும் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் பெரும்பாலும் மகள் காம்பை மட்டும் பிடித்து இழுக்கிறாள் என்று அர்த்தம். வாயை அகலத் திறந்து, கரிய வட்டமும் பெரும்பாலும் உள்ளே போகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். பல் முளைக்கிற வயது வேறு. இதை எழுத்தில் சொல்வதைவிட மிட்வைப் மிஸ் முன்னால் ஒருநாள் பால் கொடுத்துக் காட்டினால் அவரே சரிசெய்துவிடுவார். காம்பு நுனியில் வெள்ளைப் புள்ளி கண்டால் ஊசியால் குத்தாதீர்கள். சிலர் சட்டை ஊசியைக் கூட எடுத்துவிடுகிறார்கள், அந்தக் காயத்தின் வழியே கிருமி போவதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

அடுத்த கிழமை மகளுக்கு ஆறு மாதம் முடிகிறது, சோறு தொடங்குவீர்கள். கவனமாக இருக்க வேண்டிய இன்னொரு கட்டம் இது. முதலில் பால், பிறகு சாப்பாடு என்ற ஒழுங்கில் வையுங்கள். ஒரேயடியாக வயிறு நிறையச் சோறு ஊட்டிப் பாலைக் குறைத்துவிட்டால் நான்காம் தடவையும் கட்டும். சாப்பாடு கூடக் கூட மார்பும் தானாகக் குறைத்துக்கொள்ளும், அதற்கு நாள் கொடுங்கள்.

லெசித்தின் மாத்திரை, நல்ல கிருமிகள் என்று விற்கிற விலை கூடிய மாத்திரைகள் எல்லாம் டவுன் பார்மசிகளில் கிடைக்கும். சிலருக்கு உதவலாம், ஆதாரம் மெலிந்தது. உங்கள் சம்பளத்தில் நான் அதை எழுதிக் கொடுக்க மாட்டேன். அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பகிர்ந்துவிடாமல் நீங்களும் சாப்பிடுங்கள். தண்ணீர் குடிக்காததால் பால் கட்டுகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலையில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பழக்கம் வேறு வியாதிகளைக் கொண்டுவரும். காய்ச்சல் நாளில் தண்ணீர் தூக்குவதும் விறகு கட்டுவதும் வீட்டுக்காரர் வேலை. அவரிடம் இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினாலும் போதும்.

காய்ச்சலோடு உடம்பு நடுங்கி, தலை சுற்றி, நிற்க முடியாமல், பேச்சு தடுமாறுகிற அளவுக்கு வந்தால் ஒத்தடமும் வேண்டாம், காலை வரை பொறுக்கவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ரோட்டு வரை வந்து நிற்க ஒருவரை அனுப்பிவிடுங்கள், லயத்து வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பது இரவில் அவர்களுக்குக் கஷ்டம்.

பம்ப்பை விற்க வேண்டாம். சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், இவ்வளவு நாள் அதற்குப் பழகிய மார்பு மறுநாளே இறுகிவிடும். இப்போது பின்னேரம் இருபது நிமிடம் எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை மூன்று நிமிடம் நான்கு நிமிடமாகக் குறைத்து வாருங்கள். மகளுக்கு முதலில் கொடுத்த பிறகும் இறுக்கம் இருந்தால் மட்டும், இறுக்கம் விடுகிற வரை மட்டும் எடுங்கள். உறிஞ்சும் வேகத்தைக் குறைவாக வையுங்கள், காம்பு வலித்தாலோ வெளுத்தாலோ மார்பில் வைக்கிற பம்ப்பின் வாய்ப் புனல் உங்களுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் அது வேண்டாம் என்றாகிவிடும், அப்போது நன்றாகக் கழுவிக் காய வைத்து எடுத்து வையுங்கள். இடைவேளை கிடைக்காத நாட்களில் காம்பராவுக்குப் பால் எடுத்து வைத்துவிட்டுப் போக உதவும். மூடிய பாத்திரத்தில், அடுப்புக்கிட்ட இல்லாமல், நான்கு மணித்தியாலம் வரை தாங்கும். போத்தலில் ஊற்றாமல் சின்னக் கோப்பையால் கொடுக்கச் சொல்லுங்கள். இரவல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பம்ப் ஒருவருக்குத்தான்.